அந்தமானில் கடைசி நாள்

ஆறு நாள் பயணம். அதில் ஐந்து நாளைக் கடலுக்கே கொடுத்தாகிவிட்டது. கடைசி ஒரு நாளைத்தான் ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை விமானம்.

தனியாகத்தான் போனேன். மகளுக்குப் பரீட்சை, வீட்டம்மாவுக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, டிக்கெட் காசு வீணாகப் போகுது" என்று இருவரும் சேர்ந்து அனுப்பி வைத்தார்கள். மகள் மட்டும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். புனேயில் அவள் படிக்கும் பள்ளியில் அந்தமான் சிறையைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட். "அங்க இருந்தவங்க பேரெல்லாம் எழுதிட்டு வாப்பா. நம்ம ஊர்க்காரங்க யாராவது இருந்தா முதல்ல எழுது." நம்ம ஊர் என்றால் தமிழ்நாடு. வருடத்துக்கு ஒரு தடவை பத்து நாள் போய் வரும் ஊர்தான், ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு ரோஷம். வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது புரியும்.

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். பெயர்ப் பட்டியல் எடுப்பது ஒரு வேலையா என்று நினைத்துக் கிளம்பினேன். அன்று முழுக்கச் சுற்றியும் அந்தப் பட்டியல் முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

விடுதி வாசலில் வந்து நின்ற ஆட்டோக்காரர் என் இந்தியைக் கேட்டு, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளமும் இந்தியும்தான் நமக்கு முன்னால். தம்பியின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. "நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். "பலகையில ஸ்ரீ விஜயபுரம், வாயில போர்ட் பிளேர் சார்" என்றார்.

(பெயர் மாற்றத்துக்குச் சொன்ன காரணங்களில் சோழர் கடற்படையும் உண்டு. ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடல் கடந்து வென்ற இடங்களின் வரிசையில் 'மாநக்கவாரம்' என்று ஒரு பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அது தெற்கே இருக்கிற நிக்கோபார். நமக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள பழைய தொடர்பு அது. ஆனால் அன்று நான் பார்க்கப் போனது வேறு கதை.)

ராஸ் தீவுக்குப் போகும் படகுகள் அபர்டீன் துறையிலிருந்து கிளம்புகின்றன. இப்போது அந்தத் தீவின் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். டிக்கெட் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான். 'அபர்டீன் யுத்தம், 1859' என்று படித்த பிறகுதான் பையை மடித்து வைத்தேன்.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆங்கிலேயர்கள் இங்கே முதலில் வந்தது 1789-ல். ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி ஒரு குடியேற்றம் அமைத்தார். பிறகு அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்ததால் 1796-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அறுபது வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாடு கடத்த வேண்டியவர்களைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். நம் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் 1802-ல் கப்பலேற்றியது அந்தப் பினாங்குக்குத்தான்.

1857 கலகம் வந்ததும் சிறைகள் நிரம்பி வழிந்தன. எங்கேயாவது தூரமாகக் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். பழைய அந்தமான் ஞாபகம் வந்தது. 1858 மார்ச் 10-ஆம் தேதி 200 கைதிகளோடு டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் வந்து இறங்கினார். ஆக்ரா சிறையை நிர்வகித்தவர். முதலில் இறங்கிய சாத்தம் தீவில் தண்ணீர் போதவில்லை என்று ராஸுக்கு மாறினார்கள். காட்டை வெட்டுவதற்கு அந்தக் கைதிகளேதான். அவர்கள் தங்கக் கொட்டகை கட்டவும் அவர்களேதான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. என் தொழில் புத்தி இதிலேயே மாட்டிக்கொண்டது.

முதல் மூன்று மாதத்தில் வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். மருத்துவமனையில் இறந்தவர்கள் 64. தப்பி ஓடிப் பிடிபடாதவர்கள் 140. பெரும்பாலும் காட்டிலோ கடலிலோ செத்திருப்பார்கள். தற்கொலை 1. தப்பி ஓடிப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டவர்கள் 87. மீதி 481.

கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ஒரு பைசா வித்தியாசம் இல்லாத கணக்கு. மூன்று மாதத்தில் 292 பேர் கழிந்துபோனார்கள் என்பதை இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ நிறுவனங்களின் இருப்புக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்த சிமென்ட் மூட்டையைத் தள்ளுபடி செய்வதற்குக்கூட இதைவிடப் பெரிய விளக்கக் குறிப்பு எழுதுவார்கள்.

இந்த 773 பேரில் சிப்பாய்கள் இருந்தார்கள், கலகத்தில் சேர்ந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மகளின் பட்டியலுக்கு முதல் ஆட்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். நோட்டை எடுத்து '773' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

இப்போது அபர்டீன் யுத்தம். காட்டை வெட்டிக்கொண்டே போனால் காட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கிரேட் அந்தமானியர் என்று நாம் இப்போது ஒரே பெயரில் சொல்லும் பத்துக் குழுக்கள் அப்போது அங்கே இருந்தன. 1859 ஏப்ரலில் கூட்டமாக வந்து தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. காலில் இரும்பு வளையம் போட்டவர்களை, எதிர்த்து வந்தால் ஒழிய, அவர்கள் ஒன்றும் செய்யவில்லையாம். கைதிகளை மேய்த்தவர்கள் மேல்தான் கோபம். இதை எழுதி வைத்ததும் ஆங்கிலேய அதிகாரிகளே. மொழி தெரியாது, ஆளைத் தெரியாது. ஆனாலும் விலங்கு போட்டவன் யார், போட்டுவிட்டவன் யார் என்று வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

பெரிய தாக்குதல் மே 17-ல் வந்தது. ஆனால் அது வருவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. சொன்னவர் தூத்நாத் திவாரி, 276-ஆம் எண் கைதி. முந்தைய ஆண்டு தப்பி ஓடியவர். கூட ஓடியவர்களை அந்தமானியர் அம்பெய்து கொன்றார்கள். இவர் காயத்தோடு பிழைத்தார். அவர்களே இவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, உடம்பில் மண் பூசி, பெண்ணும் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் அவர்களில் ஒருவராக இருந்தவர், தாக்குதல் திட்டம் தெரிந்ததும் கர்ப்பமாக இருந்த மனைவியை விட்டுவிட்டு வந்து வாக்கரிடம் சொல்லிவிட்டார். வில்லும் அம்பும் துப்பாக்கிக்கும் கப்பல் பீரங்கிக்கும் எதிரே நிற்குமா? திவாரிக்கு 1860-ல் மன்னிப்பு கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

துரோகி என்று சொல்வது சுலபம். தாக்குதல் நடந்திருந்தால் கைதிகளும்தான் செத்திருப்பார்கள் என்று அவர் பக்கம் பேசுபவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் ஞாபகம்தான் படகு கிளம்பும் வரை இருந்தது.

அந்தமானியருக்கு என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1858-ல் அவர்கள் குறைந்தது 5,000 பேர் இருந்திருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு. 'அந்தமான் இல்லம்' என்று கட்டி, ஆடை உடுத்தி, புகையிலையும் கொடுத்துப் பழக்கினார்கள். கூடவே மேக நோயும் வந்தது, 1877-ல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-ல் 90. 1961-ல் 19. இன்று ஐம்பது சொச்சம் பேர். பலருக்கு ஸ்ட்ரெயிட் தீவில் அரசு வீடு. அவர்களில் 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளராக இருந்த போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரி 26-ல் காலமானார். டெல்லியில் அணிவகுப்பு நடந்த அதே நாளில் ஒரு மொழி முடிந்துபோனது. அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். பட்டியல் போகிற போக்கே சரியில்லை என்று அப்போதே தோன்றியது.

ராஸ் தீவுக்குப் படகில் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். தீவே அரை மணியில் சுற்றிவிடலாம். 1942 வரை மொத்த அந்தமானுக்கும் தலைநகரம் இதுதான். தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை என்று எல்லாம் இருந்திருக்கிறது. கிழக்கின் பாரீஸ் என்றார்களாம். ஹும்.

இன்று அதில் பாதி மரத்துக்குள் இருக்கிறது. உருவகமாகச் சொல்லவில்லை. ஆலமர வகை விழுதுகள் சுவரைச் சுற்றி, ஜன்னல் வழியே புகுந்து, கூரை இருந்த இடத்தில் தலையெடுத்து நிற்கின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. புள்ளிமான்கள் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்கின்றன. நாட்டியக் கூடம் இருந்த இடத்தில் ஒரு மயில் நிதானமாக நடந்து போனது. மேட்டில் நின்று பார்த்தால் அந்தக் கரை தெரிகிறது. நடன இசை காற்றில் அங்கே போயிருக்கும். அங்கேயிருந்து என்ன சத்தம் இங்கே வந்திருக்கும் என்று தெரியாது.

அந்தப் பக்கம் தெரியும் மலைதான் ஹேரியட் மலை. 1891 போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கையும் மற்றவர்களையும் அங்கே கொண்டுவந்து வைத்ததால் 2021-ல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னையும் கடலுமாக ஒரு படம் இருக்குமே, அது அங்கிருந்து பார்த்த காட்சி. 1872 பிப்ரவரி 8-ல் வைஸ்ராய் மேயோ அந்த மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோதுதான் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். பதவியிலிருந்தபோதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர். அடுத்த மாதம் வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இன்னும் யாருக்கும் முடிவு இல்லை. நானும் ஓரத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

கரைக்குத் திரும்பியதும் தம்பி, "ஜெயிலுக்குத்தானே சார்?" என்றார். ஹம்ஃப்ரிகஞ்ச் போய்விட்டு அப்புறம் ஜெயில் என்றேன். திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அங்க யாரும் கேட்டுப் போகமாட்டாங்களே சார்."

ஊரைத் தாண்டி வண்டூர் போகும் வழியில் இருக்கிறது. போகிற வழியெல்லாம் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். தெற்கு அந்தமானில் வண்டூர், மஞ்சேரி, காலிகட், மண்ணார்காடு என்று கிராமங்கள் உண்டு. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு கப்பலேற்றப்பட்ட மாப்பிளைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மலபார் அப்போது சென்னை மாகாணம். அந்தக் கணக்கில் 'நம்ம ஊர்க்காரங்க'தான். புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் தன் வீட்டுக்குத் 'தாமிரபரணி' என்று பெயர் வைத்திருக்கிறார். அது ஞாபகம் வந்தது.

ஹம்ஃப்ரிகஞ்ச் கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் இங்கே இறங்கினார்கள். எதிர்ப்பே இல்லை. வெள்ளைக்காரன் போனான் என்று சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள். சில நாளிலேயே, வீட்டுக்குள் புகுந்த சிப்பாய்கள் மேல் விளையாட்டுத் துப்பாக்கி போன்ற காற்றுத் துப்பாக்கியால் சுட்டதற்காக ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞரை ஊர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம் உளவு, உளவு என்று சொல்லிக் கைதுகள். பழைய சிறை மறுபடியும் நிரம்பியது.

1943 டிசம்பர் 29-ல் நேதாஜி வந்தார். 30-ஆம் தேதி ஜிம்கானா மைதானத்தில் மூவண்ணக் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். 2018-ல் தீவுகளின் பெயர் மாறியது இதன் 75-ஆம் ஆண்டு நினைவாகத்தான். சிறையையும் அவருக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஆனால் அதே சிறையின் இன்னொரு பகுதியில் இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவர் டாக்டர் திவான் சிங் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடந்தார். லீக் என்பது நேதாஜியே தலைமை ஏற்றிருந்த அமைப்பு! ஜப்பானியர் நேதாஜியை மக்களோடு தனியாகப் பேசவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் அறியாமலே போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து, 1944 ஜனவரி 14-ல், திவான் சிங் சிறையிலேயே இறந்தார்.

ஜனவரி 30. கொடி ஏற்றிச் சரியாக ஒரு மாதம். லீகைச் சேர்ந்தவர்களே பெரும்பாலோராக 44 இந்தியர்களைச் சிறையிலிருந்து ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுவந்து, குழி வெட்டிச் சுட்டுப் புதைத்தார்கள்.

அதற்கடுத்த மாதம் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் இந்தத் தீவுகளுக்கு நிர்வாகியாக வந்தவர் லோகநாதன். முழுப் பெயர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். பெயரிலேயே ஊர் இருக்கிறது. ராணுவ மருத்துவர். போலீஸ் துறையை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டார், ஜப்பானியர் கொடுக்கவில்லை. போலீஸ் இல்லாமல் மற்றது எதற்கு என்று கல்வித் துறையை மட்டும் ஏற்றுக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் மறைந்துகொண்டிருக்க, அவர் கையில் பள்ளிக்கூடங்கள் மட்டும். சில மாதத்தில் உடம்பும் முடியாமல் திரும்பிப் போனார். மகள் கேட்ட 'நம்ம ஊர்க்காரர்' கடைசியில் கிடைத்தார், ஆனால் கைதியாக இல்லை. அவரைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வது? பெயரளவுக்கு ஆட்சி செய்ய வந்தவர், தடுக்க முடியாததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பள்ளி ப்ராஜெக்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

நினைவிடத்தில் அன்று எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

சிறைக்கு வந்து சேரும்போது மணி மூன்று. இங்கே வெயில் சீக்கிரம் சாய்ந்துவிடும். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. அவசர அவசரமாக உள்ளே போனேன்.

செல்லுலார் ஜெயிலைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். கட்டியது கைதிகள். நடுவில் கோபுரம், சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 700 அறைகள். ஓர் அறைக்கு ஒரே ஆள். பதின்மூன்றரை அடிக்கு ஏழு அடி. ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. இன்று நிற்பவை மூன்று கிளைகள்தான். 1941 நிலநடுக்கத்திலும் போரிலும் சேதமானது போக, மற்றவற்றைச் சுதந்திரத்துக்குப் பிறகு நாமே இடித்தோம். அந்த இடத்தில் மருத்துவமனை நிற்கிறது. முழுவதும் போய்விடாமல் தடுத்தவர்கள் முன்னாள் கைதிகள். சிறையில் கிடந்தவர்களே அதை இடிக்காதே என்று கேட்க வேண்டி வந்தது. 1979-ல் தேசிய நினைவகமானது.

முற்றத்தில் செக்கு வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். மாடு ஆட்டுவதைவிட அதிகம். குறைந்தால் சாட்டை. தமிழர் யாரும் அதன் எதிரே நின்றால் ஒரே பெயர்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் நின்ற ஒரு மதுரைக் குடும்பத்துப் பெரியவர், "வ.உ.சி. இழுத்த செக்கு இது" என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்து, "ஐயா, அவரை இங்கே அனுப்பவில்லை" என்றேன். 1908-ல் அவருக்கு விதித்தது இரட்டை ஆயுள் தீவாந்தர தண்டனைதான். மேல்முறையீட்டில் குறைந்து, கோவையிலும் கண்ணூரிலும் இருந்தார். செக்கிழுத்தது கோவையில். பெரியவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அப்ப நம்மாளு யாரும் இல்லியா இங்க?" என்றார். என் மகள் கேட்ட அதே கேள்வி. சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

கோபுரத்தில் சலவைக்கல்லில் பெயர்கள் மாகாணவாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. வங்காளம் நீண்டுகொண்டே போகிறது. அலிப்பூர் வழக்கில் வந்த பாரீந்திர கோஷ், இங்கே வைத்த வாட்டத்தில் மனநிலை பிறழ்ந்த உல்லாஸ்கர் தத், 1912-ல் அறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்ட இந்துபூஷண் ராய். 1933 மே மாத உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டப்பட்டு இறந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா. மெட்ராஸ் என்ற தலைப்பின் கீழ் விரல் விட்டு எண்ணிவிடலாம். சாவர்க்கர் அறைக்கு வரிசை நின்றது, அவரைப் பற்றிய சண்டைகளை நீங்கள் வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம் :-)

முடிந்த வரை எழுதினேன், மீதியைப் படம் எடுத்தேன். ஆனால் எனக்கு இடித்தது வேறு. இந்தக் கற்களில் இருப்பவர்கள் அரசியல் கைதிகள், சில நூறு பேர். 1901-ல் இந்தக் குடியேற்றத்தில் இருந்த கைதிகள் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர். கழுத்தில் மரப்பலகை கட்டி, அதில் எண்ணும் தண்டனைத் தேதியும் எழுதி, பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தக் கோபுரத்தைக் கட்டியவர்கள் அவர்கள். திருடியவர்கள் இருந்திருப்பார்கள், கொலை செய்தவர்கள் இருந்திருப்பார்கள், பொய் வழக்கில் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. 'நம்மாளு' இருந்தால் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பான். அவனுக்குக் கல் கிடையாது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது இதையே தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "என் வீட்டுக்காரி லோக்கல் பார்ன் சார்" என்றார்.

இங்கே அந்த வார்த்தைக்குத் தனி அர்த்தம் உண்டு. நன்னடத்தைக்காக வெளியே விடப்பட்ட ஆண் கைதிகளும், பெண்கள் சிறையிலிருந்த பெண் கைதிகளும் கல்யாணம் செய்துகொள்ள அனுமதித்தார்கள். பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆண் வந்து கேட்டு, பெண்ணும் சம்மதித்தால் பதிவு. மொழி, சாதி, மதம் எதுவும் ஒத்துப்போகாத ஜோடிகள். அவர்கள் வம்சம்தான் லோக்கல் பார்ன். வீட்டு மொழி இந்துஸ்தானி.

"அவ பாட்டியோட தாத்தா கைதியா வந்தவர் சார். மெட்ராஸ் பக்கம்னு மட்டும் சொல்லுவாங்க. என்ன கேஸுன்னு யாருக்கும் தெரியாது. சின்னப் புள்ளையில கேட்டா அடி விழும்னு சொல்லுவா."

"பேர்?"

"பேர் இருக்கு சார். ஆனா சொல்லிச் சொல்லி மாறிப்போச்சு. அது தமிழ்ப் பேரா தெலுங்குப் பேரான்னே புரியல."

இரவு ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் இருந்தது. போகவில்லை. அறையில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 773. அடுத்து 5,000, கேள்விக்குறியோடு ஒரு பெயர், 44, ஒரு ஆற்காட்டுக்காரர், அப்புறம் மூன்று பக்கம் வங்காளப் பெயர்கள். மகள் தொலைபேசியில், "எத்தனை பேர்ப்பா கிடைச்சுது?" என்றாள். வந்து சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, தம்பி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார். மனைவி எழுதியதாம். இந்தி எழுத்தில் ஒரு பெயர், கீழே ஊர்ப் பெயர் மாதிரி ஏதோ ஒன்று. "நீங்க ஆபீஸ்ல கணக்கெல்லாம் பாக்கறவரு. எங்கயாவது ரெஜிஸ்தர்ல இருக்குமா, பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விமானத்தில் அந்த ஊர்ப் பெயரை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசி எழுத்துகள் 'பட்டி' மாதிரியும் இருக்கின்றன, 'பட்டு' மாதிரியும் இருக்கின்றன. பட்டி என்றால் மதுரைப் பக்கம் தேடலாம், பட்டு என்றால் செங்கல்பட்டு, ஆற்காடு பக்கம். காகிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பழைய சென்னை மாகாணச் சிறைப் பதிவேடுகள் பக்கம் பழக்கமுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.